வாங்காமல் போனவர்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்துகிறேன். வகுப்பில் நான் கேள்வி கேட்டால் ஒரு கைகூட உயராது. அதே பிள்ளைகள் மாலையில், ஆலங்குடியில் எங்கள் பள்ளி வாசலில் பலாச்சுளை விற்கும் அந்த அம்மாவின் தள்ளுவண்டியைச் சுற்றி முண்டியடிப்பார்கள்.

கட்டையான உருவம். பலாப்பால் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் முழங்கை வரை பளபளக்கும். யாராவது விலை கேட்டுவிட்டு நகர்ந்தால் அவர் முகம் சுளிக்க மாட்டார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அவரு ஏன் வாங்காமப் போறாரு, சொல்லுங்க பாப்போம்" என்பார். கைகள் சடசடவென்று உயரும்.

"வெலை கூடக்கா!"

"இல்லக்கா, ஈ மொய்க்குது!"

சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு சுளை. மறுநாள் சுளைகளின் மேல் வலை மூடியிருக்கும்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "இதெல்லாம் நான் நடத்துற பாடத்துலயே இருக்குங்க" என்றேன்.

"அப்படிங்களா சார்! நல்லதாப் போச்சு. இந்தாங்க, ஒரு சொளை சாப்பிட்டுப் பாருங்க."

வேண்டாமென்று தலையசைத்துவிட்டு நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன், பின்னால் அதே குரல்.

"சார் ஏன் வாங்காமப் போறாரு, சொல்லுங்க பாப்போம்."

எட்டி நடை போட்டேன். அன்று சுளை யாருக்குக் கிடைத்தது என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.