நான் திருப்பி வைத்த கட்டை

நான் கீறிய வீதியில் இன்றுவரை ஒரு சைக்கிள்கூட ஓடியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓடாத வீதியில் விபத்து நடக்காது. அந்தக் கணக்கில் பார்த்தால், என்னைப்போலப் பத்திரமான வீதி போட்டவர் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில், வீதி போடும் கந்தோர் ஒன்றில் படம் கீறுகிறவனாக இருந்தேன். இருபத்தாறு வயது. கையில் நாலு நிறப் பென்சில், சட்டைப் பையில் ஒரு அழிரப்பர், வாயில் எந்த நேரமும் ஒரு பகிடி. கொடிகாமத்துக்குச் சுற்றுப்பாதை ஒன்று வேண்டுமென்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கண்டி வீதி சந்தைக்குள்ளால்தான் போகிறது. தேங்காயும் பலாப்பழமும் ஏற்ற வந்த லொறிகள் அங்கே நின்றால் நின்றதுதான். சந்தையடியில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி, பேரம் பேசி, கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து மரவள்ளிக்கிழங்கு வாங்கி ஏறினாலும் பஸ் அங்கேயே நிற்கும்.

படத்தில் இரண்டு கோடு கீறினேன். சிவப்புக் கோடு ஊரின் தென்பக்க வளவுகளின் ஓரத்தால் போனது. நீலக் கோடு அதற்கும் அப்பால், தரவைக்குள்ளால் போனது. தரவை என்றால் மாரியில் வெள்ளம் நிற்கிற, கோடையில் மாடு மேய்கிற வெட்டவெளி. எவருடைய காணி உறுதியிலும் இல்லாத நிலம். நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை. மண்ணைக் கொட்டி உயர்த்தினால் சரி. நீலம்தான் வெல்லும் என்று நினைத்து, அந்தக் கோட்டைக் கொஞ்சம் அழுத்தியே கீறியிருந்தேன்.

எங்கள் எஞ்சினியர் ஐயா வேறு மாதிரியான மனிதர். "சனத்தைக் கேக்காமல் கீறினால் அது றோட்டில்லை, வழக்கு" என்பார். அதனால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஊர் வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். படத்தைச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் வளவைத் தேடினார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசைதான். வீதி தங்கள் காணிக்குப் பக்கத்தால் வரவேண்டும், காணிக்குள்ளால் வரக்கூடாது. பத்து நிமிடத்தில் ஊரே நீலக் கோட்டுக்குக் கை தூக்கிவிட்டது.

அப்போதுதான் ரீச்சர் எழும்பினார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், என் வயதுதான் இருக்கும். ஒரு பனையோலைக் கடகத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். உள்ளே கழுவித் துடைத்த பழைய சாராயப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒட்டிய துண்டுக் கடதாசி.

"என்ன ரீச்சர், இண்டைக்கு ஆருக்குப் பாட்டி?" என்று பின்வரிசை வாங்கிலிலிருந்து ஒரு கிழவர் கேட்டார். சபை சிரித்தது.

"உங்களுக்குத்தான் அப்பு. வந்து குடிச்சுப் பாருங்கோ. எது உங்கடை கிணறெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

கிழவர் வந்து குடித்தார். மூன்றாவது போத்தலில் முகம் சுளித்தார். "சவர், உப்புத் தண்ணி. உது கிழக்காலை மூலை வீட்டுக் கிணறு."

"ஓம். அஞ்சு வருசத்துக்கு முந்தி அந்தக் கிணறு எப்பிடி இருந்தது?"

"சக்கரைத் தண்ணி பிள்ளை."

"அப்ப அந்த மூலையிலை தரவைக்குக் குறுக்காலை அணை கட்டேல்லை. மாரி வெள்ளம் தரவையிலை நிண்டு, ஊறி, எங்கடை கிணறுகளுக்கு வந்தது. இப்ப அந்தப் பக்கம் வாறேல்லை. ஒரு சின்ன அணைக்கே இந்தப் பாடு. தரவை முழுக்க றோட்டைப் போட்டு மறிச்சால், நாங்கள் எல்லாரும் மூலை வீட்டுக்காரர்தான்."

எஞ்சினியர் ஐயா எழும்பி வந்து ஒவ்வொரு போத்தலாகக் குடித்தார். கடைசிப் போத்தல் தண்ணீரை யன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் ரீச்சரோடை போய்க் கிணறு கிணறாய்ப் பாத்து எழுதிக்கொண்டு வாரும்."

என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு நல்ல கட்டளை அது.

மூன்று கிழமை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஒழுங்கை ஒழுங்கையாக, அவர் முன்னே, நான் பின்னே, என் சைக்கிள் கரியரில் போத்தல் கடகம். கிணற்றின் ஆழத்தை நான் கயிறு விட்டு அளப்பேன். அவர் வாளியால் அள்ளி, கைக்குள் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு எனக்கு வார்ப்பார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

"எல்லாக் கிணத்துக்கும் நல்லாயிருக்கெண்டு சொன்னால் நான் கொப்பியிலை என்னத்தை எழுதிறது?"

"நீங்கள் வாத்தால் தொண்டைமானாத்துக் கடலும் நல்லாத்தான் இருக்கும்."

கொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார். இப்படியொரு வசனத்தைச் சொல்லிவிட்டு, அதை உண்மையாகவே சொன்னேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில், உடனே அதன்மேல் இன்னொரு பகிடியைப் போட்டு மூடிவிடுவேன். எனக்கு அப்போது தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

ஒருநாள் அவருடைய வீட்டுக் கிணற்றுக்குப் போனோம். ரீச்சரின் அண்ணன் ஒரு கதிரையை முற்றத்தில் போட்டு என்னை இருத்தினார். தகப்பன் இல்லாத வீடு. தங்கையின் கலியாணம் அவர் பொறுப்பு. எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, சிவப்புக் கோடு எங்கடை மாங்காணிக்கு ஓரத்தாலையோ, நடுவாலையோ?"

"ஓரத்தாலை அண்ணை."

"நல்லாப் பாத்தனீரோ? அது தங்கச்சியின்ரை சீதனக் காணி. லண்டன் மாப்பிள்ளை ஒண்டு பேசுறம். அவை காணி பெரிய றோட்டுக்குப் பக்கத்திலையோ எண்டு கேட்டு எழுதியிருக்கினம். ஓரத்தாலை போனால் லண்டன் சரி."

"நடுவாலை போனால்?"

"நடுவாலை போனால் ரெண்டு துண்டு. ஒண்டிலை ஆடு கட்டலாம். மற்றதிலை நிண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் காறித் துப்பலாம்."

நான்தான் முதலில் சிரித்தேன். கிணற்றடியில் ரீச்சர் வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தேத்தண்ணி நல்ல சூடு, அதில் கவனமாக இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் கந்தோரில், படத்தில் அந்த மாங்காணியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பென்சிலை ஒரு நூல் அளவு கீழே இழுத்தால் கோடு நடுவால் போகும். லண்டன் சரிவராது. இழுக்கவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினியர் ஐயா ஏன் இழுத்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பகிடியும் வரவில்லை, அவ்வளவுதான்.

கொப்பியைப் பார்த்த ஐயா நீலக் கோட்டை அழிக்கச் சொன்னார். சிவப்பு வென்றது. ஊருக்குள் இறங்கி, கோடு போகிற வழியெல்லாம் தலையில் சிவப்பு மை பூசிய மரக்கட்டைகளை அடித்தோம். ஒரு மாதம் ஆட்சேபனைக்கு விடுவது முறை.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் வேலி அரக்குகிறவர்கள். வருடா வருடம் வேலி அடைக்கும்போது, கதியாலை ஒரு விரற்கடை பக்கத்து வளவுக்குள் தள்ளி நடுவோம். அவரும் தன் முறை வரும்போது திருப்பித் தள்ளுவார். இதில் பகையொன்றும் பெரிதாக இல்லை, ஒருவகை உடற்பயிற்சி. அரசாங்கத்தின் கட்டையும் கட்டைதானே. இரண்டு கிழமையில் நான் போய்ப் பார்த்தபோது, எல்லாக் கட்டையும் நடந்திருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வளவிலிருந்து அயலவர் பக்கம் தள்ளி, அயலவர் அடுத்தவர் பக்கம் தள்ளி, என் நேர்கோடு வளைந்து நெளிந்து கிடந்தது.

அளவுச் சங்கிலியைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன். மாங்காணிக்கு வந்தபோது திகைத்துவிட்டேன். அங்கே இரண்டு கட்டைகள் காணியின் உள்ளே, இருபது அடி தள்ளி, மாமரங்களுக்கு நடுவில் நின்றன. அயல் வளவுக்காரர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், வேலி அரக்குவதில் ஊரறிந்த கெட்டிக்காரர். அவர் வேலைதான் என்று முடிவு கட்டினேன். தகப்பனில்லாத பிள்ளையின் சீதனத்திலா கைவைக்கிறாய் என்று மனதுக்குள் வசனம் பேசிக்கொண்டு, அந்தக் கட்டைகளைப் பிடுங்கி, பழைய இடத்தில் வைத்து, எவரும் அசைக்கமுடியாதபடி அடித்து இறுக்கினேன். அன்று வீடு திரும்பும்போது சைக்கிள் தானாக ஓடியது. அவருக்காக நான் ஏதோ செய்துவிட்டேன். அதுவும், எனக்கு நட்டம் வருகிற மாதிரிச் செய்திருக்கிறேன். இதைவிடப் பெரிய காதல் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன்.

முடிந்த படத்தை வாசிகசாலைச் சுவரில் ஒட்டினோம். அண்ணன் வந்து, மெல்லிய கடதாசியை மேலே வைத்துத் தன் பங்கைப் பிரதி எடுத்துக்கொண்டு போய் லண்டனுக்கு அனுப்பினார். பதில் வந்து, கலியாணத்துக்கு நாளும் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ரீச்சர் வாசிகசாலைக்கு வந்தார். நான் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வேறு ஒருவரும் இல்லை.

"எங்கடை காணிக் கட்டையை ஏன் திருப்பி வைச்சனீங்கள்?"

"பக்கத்து வளவுக்காரர் அரக்கிப்போட்டார் ரீச்சர். நான் விடுவனோ?"

"அவர் அரக்கேல்லை. அரக்கினது நான்."

கையிலிருந்த படம் சுருண்டுகொண்டது.

"எனக்கு லண்டன் வேண்டாமெண்டு அண்ணைக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். நான் சொல்லி அவர் கேக்கிறாரில்லை. காணி சொன்னாலாவது கேப்பர் எண்டு பாத்தன்."

ஊர் முழுவதும் கட்டையை வெளியே தள்ளியபோது, உள்ளே இழுத்துவைத்த ஒரேயொரு ஆள் அவர். அதை விளங்கிக்கொள்ள ஊரில் என்னைத் தவிர எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

"திரும்பவும் மாத்திக் கீறலாம்" என்றேன்.

"கீறினால் உங்கடை கோடு பிழைச்சுப்போகாதோ?"

"பிழைக்கும்."

"அப்ப வேண்டாம்." சுருண்ட படத்தை வாங்கி மேசையில் வைத்தார். "இனி என்ன செய்யிறது? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

என்ன சொல்லுறியள் என்று என்னைக் கேட்டார். கட்டையைப் பற்றி அல்ல என்பது இந்த முறை எனக்கே விளங்கியது. வாய் திறந்தேன்.

"லண்டனிலை கிணறில்லை ரீச்சர், குழாய்த் தண்ணிதான். கொப்பிக் காசு மிச்சம்."

அவர் சிரித்தார். கொப்பி கையில் இல்லாததால் வாயை மறைக்கவில்லை. நல்ல பகிடிக்குச் சிரிக்கும் சிரிப்பு அல்ல அது. பகிடி விட்டவன் வெட்கப்படக்கூடாது என்பதற்காகச் சிரிப்பது. பிறகு, "சரி, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலியாணத்துக்குப் போனேன். இரண்டாம் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களை நன்றாகச் சிரிக்கவைத்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

அடுத்த வருடம் சண்டை கூடியது. எங்கள் கந்தோரில் வேலை நின்றது. சந்தைக்கு லொறி வருவதும் குறைந்தது. சுற்றுப்பாதை வரவில்லை. லண்டன்காரர் கேட்ட பெரிய றோட்டு இல்லாமலே கலியாணம் நடந்து முடிந்திருந்தது என்று எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு தொண்ணூற்றைந்து ஐப்பசி மழையில், ஆமி வருகிறதென்று வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. நானும் அம்மாவும் ஒரு சைக்கிளும் நடந்து வந்து, கடைசியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க ஒரு வாங்கில் பிடித்தோம். ரீச்சரின் அண்ணனைச் சந்தையடியில் கண்டேன். தலை நரைத்துவிட்டது. என்னை உடனே மட்டுக்கட்டிவிட்டார்.

"எட தம்பி. எங்கை ஐசே உம்மடை றோட்டு? பத்து வருசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"வருது அண்ணை. முன்னுக்கு நாங்கள் நடந்து வந்திருக்கிறம்."

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு தந்தார். சாப்பிடும்போது, தங்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "அவளுக்கு ரெண்டு பெடியள். உம்மைப்பற்றி ஒருக்கா விசாரிச்சு எழுதினவள், ஆள் எங்கை எண்டு. என்னவும் எழுதிறதெண்டால் சொல்லும், சேத்து எழுதிவிடுறன்."

"நாளைக்குச் சொல்லுறன் அண்ணை" என்றேன்.

அடுத்த நாள் காலையில் போனேன். அதற்குள் அண்ணன், கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். "நீர் ஒண்டும் சொல்லேல்லை, சும்மா இருக்கட்டும் எண்டு குடுத்திட்டன். ஏன், என்ன எழுதச் சொல்ல இருந்தனீர்?"

வழமையாக இந்த இடத்தில் என் வாயில் ஏதாவது வந்து நிற்கும். அன்று வரவில்லை.

"அடுத்த கடிதத்திலை எழுதிவிடுங்கோ அண்ணை. அண்டைக்கு நான் பகிடி விட்டிருக்கக்கூடாதாம் எண்டு."

"என்ன பகிடி?"

"அவவுக்குத் தெரியும்."

"சரி, எழுதிறன்" என்றார். சில மாதங்களில் நாங்கள் திரும்பிப் போனோம். எழுதினாரா என்று நான் கேட்கவில்லை.