மாரியம்மனுக்குப் பதினோரு பழக்குச்சி

அன்று என் வீட்டு அடுப்பில் கொதித்தது ஆ லானின் இரண்டு மாத ரேஷன் சீனி. அது கெட்டால் வேறு சீனிக்கு வழியில்லை.

மலாயாவின் அவசரகால வருடங்கள் அவை. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அரிசி காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கலகக்காரர்களுக்குப் போய்விடும் என்று, பொதுக் கொட்டகையில் சோறாக ஆக்கித்தான் வீடுகளுக்குக் கொடுப்போம். அங்கே நான் பெரிய சமையல்காரன். வேலிக்குள் இருந்த மாரியம்மன் கோயில் பொங்கலும் என் கைதான். அடுப்பு விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு.

ஆ லான் சீனப்பெண். காய்கறித் தோட்டத்தில் இருந்த அவள் குடும்பத்தை வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எங்கள் பெண்களோடு கொழுந்து கிள்ளித் தமிழ் கற்றவள். மரியாதைப் பேச்சு மட்டும் வராது; பேச்சின் முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போடுவாள். அவள் புருஷன் லாரி ஓட்டுபவர். காட்டுக்காரர்களுக்குச் சாமான் கொடுத்தார் என்று யாரோ சொல்ல, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பினால் பதினோரு பழக்குச்சி படைப்பதாக ஆ லான் எங்கள் அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். மூங்கில் குச்சியில் பழத்தைக் கோத்து, கெட்டிப் பாகில் தோய்த்து எடுக்கும் சீனப் பலகாரம் அது. பாகு ஆறினால் கண்ணாடி போல உறைந்துவிடும்.

இருபதாம் நாள் புருஷன் வீடு வந்தார். அம்மன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அவள் வீட்டு அடுப்பில் பன்றிக்கறி வேகும் என்பதால், "சாமிக்குப் படைக்கறத என் வீட்ல செய்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கூடை ஸ்ட்ராபெரியோடு வந்தாள். "அண்ணே, பழம் எல்லாம் கழுவித் தொடச்சு வச்சிருக்கு லா."

அவள் அடுப்பைப் பார்க்கப் போனதும், நான் பழங்களை இன்னொரு முறை தண்ணீரில் அலசிவிட்டுக் குச்சிகளில் கோத்தேன்.

பாகு கொதி வந்தது. நான் கரண்டியைப் போட்டேன். ஆ லான் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கிண்டாதே அண்ணே! கிண்டினா மணல் ஆயிடும்!"

என் மனைவி லெட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தோட்டத்துக்கே சோறாக்குற கைக்கு இன்னிக்குத்தான் அடி விழுது."

ஆ லான் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் பதறிவிட்டேன்.

"வாயில வைக்காதம்மா! படைக்கறதுக்கு முந்தி ருசி பாக்கக்கூடாது."

"கடிச்சாதானே தெரியும்? பல்லுல ஒட்டுனா பதம் பத்தாது."

கார்த்திகைப் பொரி உருண்டைக்கு நாங்கள் பார்க்கும் பதம் ஞாபகம் வந்தது. பாகைத் தண்ணீரில் உருட்டிப் பித்தளைத் தட்டில் எறிந்தேன். சத்தமில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி எறிந்தேன். ணங் என்றது.

"பல்லு வேணாம், காது போதும்" என்றேன். "அண்ணே கெட்டிக்காரன் லா" என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு குச்சிகளைத் தோய்த்தேன். பாகு பழத்தில் பிடிக்காமல் வழுக்கித் தட்டில் விழுந்தது.

ஆ லான் பழத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தண்ணி! யாரு கழுவுனது?"

"நான்தான். சாமிக்காச்சே, சுத்தமா இருக்கட்டும்னு..."

"நான் சுத்தமாதான் கொண்டுவந்தேன், அண்ணே."

அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் தொழில் தெரியும். "சீனி எங்கயும் போகாது, பயப்படாத" என்று சொல்லி, விழுந்த பாகைச் சுரண்டிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சினேன். கரண்டியைத் தொடவில்லை. கோயிலுக்குக் கட்ட மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்து ஒவ்வொரு பழமாக ஒற்றினேன். வேட்டி சிவந்து போனது.

ஒன்பது குச்சி கண்ணாடியாக வந்தது. சட்டியில் மிஞ்சிய பாகு, கடைசி இரண்டுக்கு ஒரு பக்கம் பூசத்தான் போதுமானதாக இருந்தது. அரைகுறையை அம்மனுக்கு வைக்கலாமா என்று நான் தயங்கினேன்.

"நான் பதினொண்ணுன்னுதான் சொன்னேன்" என்றாள் ஆ லான். "ரெண்டு பக்கமும்னு சொல்லல லா."

மலையில் மூடுபனி இறங்கினால் பாகு கசியத் தொடங்கும். அதற்குள் கொண்டுபோய், பூசிய பக்கம் அம்மனைப் பார்க்கும்படி வைத்துக் கற்பூரம் காட்டினோம். ஆ லானின் புருஷன் நெடுநேரம் கும்பிட்டபடியே நின்றார்.

சமையல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் பக்குவம் பண்ணிக் கொடுத்த சாமானில் கை வைக்குமுன் அவரைக் கேளுங்கள். அந்தப் பழத்தில் அழுக்கு இல்லை. கொண்டுவந்தது ஆ லான் என்பதால் கழுவினேன். அம்மனிடம் அதை அன்றைக்கே ஒத்துக்கொண்டேன். ஆ லானிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.

"தெரியும் அண்ணே" என்றாள். "அதுக்குத்தான் மூணு தரம் தொடச்சேன்."