லீதியா அம்மையாரும் நான் மறைத்த மூன்று கடிதங்களும்

போன வாரம் மாஸ்கோவிலிருந்து மகள் மலர் பெயருக்கு ஒரு உறை வந்தது. வழக்கம்போல நான்தான் முதலில் பிரித்தேன். குழந்தைகளுக்குக் கதை எழுதிய லீதியா அம்மையார் காலமாகிவிட்டார் என்று அவர் கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்தவர் எழுதியிருந்தார். எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை. இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்றுதான் தோன்றியது. என் புத்தி அப்படி.

அவரைப் படித்து வளர்ந்த உங்களுக்குத் தெரியும். போரில் அப்பாவை இழந்து, டிராம் வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டே எழுதத் தொடங்கியவர். வாசல் பனியை அள்ளிக் கொட்டும் சிறுமியைப் பற்றிய அவர் புத்தகத்தை, ஆவடி மார்க்கெட்டுக்கு வந்த புத்தக வேனில் என் மனைவி கஸ்தூரி வாங்கினாள். பனியையே பார்த்திராத மலர் அவருக்குக் கடிதம் போட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

தமிழாக்கத்தோடு பதில் வந்தது. 'உன் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது? வரைந்து அனுப்பு. வெளியே பார்க்காமல் நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை.' மலர் வரைந்தாள்: தொழிற்சாலை மதில், காவல் கோபுரம், தண்டவாளம், சோதனை ஓட்டத்துக்குப் போகும் டாங்க். எனக்கு வேலையே அந்த டாங்க் தொழிற்சாலையில்தான். சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். படம் யார் கையிலாவது சிக்கினால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும்.

"இன்னாய்யா நீ? அந்த டாங்கே அவங்க ஊர்லேர்ந்து வந்ததுதானே? கொயந்த வரைஞ்சித்தான் அவங்களுக்குத் தெரியணுமா?" என்று கஸ்தூரி சிரித்தாள்.

"அதான்டி சந்தேகமே! எல்லாம் தெரிஞ்சவங்க எதுக்குக் கேக்கறாங்க?"

படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தபாலில் சேர்த்துவிட்டதாக மலரிடம் சொன்னேன். அதன்பின் மூன்று கடிதங்கள் வந்தன. தபால்காரரிடம் சொல்லி வைத்து வாங்கி, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். 'அங்கே மழை பெய்கிறதா?' என்ற வரியில்கூட ரகசியம் தேடினேன். "லெட்டர் வந்துச்சா நைனா?" என்று மலர் ஒரு வருடம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது கடிதம் இதுதான்: 'மலர், பதில் வரவில்லை. என் சிறுவயதில் என் அம்மாவும் கடிதங்களை அடுப்பில் போட்டிருக்கிறாள். பயம்தான் காரணம். உன் வீட்டில் யாராவது மறைத்திருந்தால் கோபித்துக்கொள்ளாதே.'

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்? உளவாளியேதான் என்று அன்று முடிவுகட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மரணச் செய்தியோடு மூன்றையும் மலரிடம் கொடுத்தேன். கல்லூரிக்குப் போகிற பெண் இப்போது. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.

"கோவிக்காதேன்னு எய்திக்கீறாங்க. எனக்குக் கோவம் வருது நைனா" என்றாள். முதல் இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டாள். மூன்றாவதை என் கையில் வைத்தாள்.

"இது உனக்கு வந்த லெட்டர். நீயே வச்சிக்கோ."

வைத்திருக்கிறேன்.