தவிட்டுக்கு வாங்கிய குப்புசாமி

குப்புசாமி என்ற பெயரை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பள்ளியில் படித்துப் பாருங்கள், தெரியும் சங்கதி. வகுப்பில் மூன்று ரித்திக், இரண்டு தர்ஷன், நடுவில் நான். எங்கள் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு குப்பனும் குப்புசாமியும் இருந்தார்களாம். இருந்து எனக்கென்ன லாபம்? என் காலத்தில் நான் ஒருவன்தான்.

மூன்றாம் வகுப்பில் மிஸ் ஒருநாள், அவரவர் பெயருக்கு அர்த்தம் கேட்டு வரச் சொன்னார். அன்று மத்தியானமே எனக்குக் காய்ச்சல். கூட்டிப்போக பைக்கில் வந்த மாமாவிடம் வழியிலேயே கேட்டேன்.

“அர்த்தம் இன்னாடா அர்த்தம்? உன்ன குப்பமேட்டுலேர்ந்து எடுத்தோம். பக்கத்து வூட்டு அக்காதான் தூக்கினு வந்துச்சு. உங்கம்மா ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிக்கிச்சு.” மாமா சிரிக்கக்கூட இல்லை.

வண்டி நின்றதும் நேராகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, அதெல்லாம் பொய் என்று சொல்லிவிடுவாள் என எவ்வளவு நம்பினேன்! அவளோ வாயெல்லாம் பல்லாக, “ஆமா கண்ணு, இந்தக் கையாலதான் தூக்கியாந்தேன்,” என்றாள். அடப்பாவிகளா! ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினேன். “நான் உன் புள்ளதானே? சொல்லும்மா!”

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அனலாகக் கொதித்திருக்க வேண்டும். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “இவன் என் புள்ள இல்ல. குப்பையில கெடந்தவன். தவுட்டுக்கு வாங்கினேன்.”

எனக்கு அழுகையே நின்றுவிட்டது. அம்மாவே இப்படிச் சொன்னால் வேறு யாரிடம் போய்க் கேட்பது? காய்ச்சல் விடும்வரை அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் ஒரு வயதைத் தாண்டவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் என்னை விட்டுவிடட்டும் என்றுதான் குப்பையில் போட்டு எடுத்து, தவிட்டுக்கு வாங்கி, அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதும் தெரியாது. அன்று அம்மா பதில் சொன்னது எனக்கல்ல.