நான் குறைத்து வைத்த சத்தம்

கண்டியில் என் வீட்டுக்கு வர ரோட்டிலிருந்து எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். வேறு வழி கிடையாது. இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்தப் படிகளை ஏறி என்னிடம் வந்தவர் ஒருவர்தான். கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த அவரை நான் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் அவருக்கு நான் மாஸ்டர்.

எங்களைச் சேர்த்து வைத்தது பாட்டு. என்னிடம் ஒரு பழைய சீடி ப்ளேயரும், அதற்கு ஏற்ற, சத்தத்தைப் பெருக்கும் அம்ப்பும், ஆளுயரத்தில் பாதி வரும் இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. நானா பழைய ஹிந்திப் பாட்டு கொண்டு வருவார். நான் நாதஸ்வரம் வைப்பேன். அதிகம் பேச மாட்டோம். என் மனைவி இறந்த பிறகு, அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் மீதி ஆறு நாளையும் கழித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

போன வருஷம் நானாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. மாடிப்படி, மேடு எதுவும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மருமகன் எடுத்துக்கொண்டார். நானா வீட்டிலேயே இருந்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்று போயின.

அவர் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவருடைய மனைவி கொழும்பிலிருக்கும் தன் தம்பியிடம் சொல்லி ஒரு சீடி ப்ளேயர் வாங்கிக் கொடுத்தார். பெரிய பணக்காரர் வீட்டுச் சாமானும் இல்லை, மலிவானதும் இல்லை. நடுத்தர விலையில் நல்லது. மகள் வீட்டில் சும்மா கிடந்த அம்ப்பும் ஸ்பீக்கரும் அதோடு சேர்ந்துகொண்டன.

நானா எனக்குப் போன் எடுத்தார். "மாஸ்டர், நீங்க வந்து கேட்டு எப்படின்னு செல்லணும். உங்கட காதுலதான் எனக்கு நம்பிக்கை. உங்கட மெஷினையும் கொண்டு வாங்க. ரெண்டையும் வச்சுப் பார்ப்போம்."

என் ப்ளேயரைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீல் ஆட்டோவில் பாலம் தாண்டிப் போனேன். இருபது வருஷத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ராத்தா, அதாவது நானாவின் மனைவி, ப்ளேயர் வைத்திருந்த அலுமாரியைத் துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தார்.

இரண்டு ப்ளேயரையும் ஒரே அம்ப்பில் மாட்டினேன். ஒரே பாட்டை இதிலும் அதிலும் மாறி மாறிப் போட வேண்டும். முக்கியமான விஷயம், இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் குறைந்தாலும் சத்தம் குறைந்தது என்று காதுக்குத் தெரியாது. உயிர் இல்லை, ஒட்டவில்லை என்றுதான் தோன்றும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு நாதஸ்வர சீடியைப் போட்டு ஒழுங்காகத்தான் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. புதியது என்னுடையதைவிட நல்லது. தம்புராவின் ஒவ்வொரு மீட்டலும் அடங்கி முடியும் வரை கேட்டது. தவிலில் வலப்பக்கத்து அடியும் இடப்பக்கத்துக் கும்மென்ற ஒலியும் தனித்தனியாக விழுந்தன. என் ப்ளேயரில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காதில் லேசாகக் குத்தும். அதை இத்தனை வருஷமும் நாதஸ்வரத்தின் குணம் என்றே நினைத்திருந்தேன். இதில் குத்தவில்லை.

நானா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அறை வாசலில் ராத்தா ஒரு கதிரையில் உட்கார்ந்து, பாட்டைக் கவனிக்காமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி இந்த மனிதருக்கு என் வீடு தேவையில்லை என்று அப்போது என் மனதில் வந்தது. என்றைக்காவது டாக்டர் சரி என்பார், நானா படியேறி வருவார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடக்கப் போவதில்லை என்று அந்த நிமிஷத்தில் நம்பினேன்.

அடுத்த பாட்டு அவருக்குப் பிடித்த ஹிந்திப் பாட்டு. என்னுடையதைப் போட்டபோது சத்தத்தை அப்படியே விட்டேன். புதியதுக்கு மாற்றும்போது அம்ப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்பிக் குறைத்தேன். மூன்று தடவை அப்படியே செய்தேன்.

"எது நானா?" என்று கேட்டேன்.

"உங்கடதுதான் மாஸ்டர். பாட்டுக்காரி பக்கத்துல வந்து நிக்கிறா. இதுல கொஞ்சம் தள்ளி ஈக்கிறா."

"மோசம்னு சொல்ல முடியாது. ஆனா குரல்ல உயிர் கம்மி" என்றேன், பரீட்சைத் தாள் திருத்தும் குரலில்.

ராத்தாவின் முகம் வாடியது. "மாத்தித் தருவாங்களான்னு தம்பிகிட்ட கேக்கட்டா?" என்றார்.

"வேணாம், வேணாம். எனக்கு இது போதும்" என்றார் நானா.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நானா. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. உதடு வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மெஷினில கேட்டா மனசு நிறையுதே இல்ல மாஸ்டர். ஒருக்கா இங்க கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவளுக்குச் செல்லல்ல. கடைக்குப் போறேன்னு செல்லிட்டுத்தான் வந்தேன்."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாட்டுப் போடச் சொன்னார். போட்டேன். இரண்டாவது பாட்டு பாதியில் அவருடைய கை நெஞ்சுக்குப் போனது.

பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் அவரைக் கதிரையோடு தூக்கிப் படியிறங்கினார்கள். நான் முன்னால் இறங்கினேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் ராத்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஏன் மாஸ்டர் ஏறினார்? வீட்டுலயே எல்லாம் ஈக்கே?"

"தெரியல ராத்தா" என்றேன்.

ஆறு நாள் வார்டில் இருந்துவிட்டு நானா உயிரோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளே போனேன். ராத்தா உள்ளே பின்னேரத்து அஸர் தொழப் போனதும் ப்ளேயரைப் போட்டு, திருகியைப் பழைய இடத்தில் வைத்தேன். பிறகு ஒரு மயிரிழை குறைத்தேன். மறுபடி கூட்டினேன்.

"அன்னைக்கு இப்படித்தான் செஞ்சேன் நானா. உங்க ப்ளேயர்தான் நல்லது. என்னுடையதைவிட ரொம்ப நல்லது."

அவர் என் கையைப் பார்த்தார். "அப்ப நான் அன்னைக்குக் கேட்டது உங்கட கையையா?"

நான் திருகியிலிருந்து கையை எடுத்தேன்.

"என்னத்துக்கு மாஸ்டர்?"

"இனி நீங்க வர மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "எனக்குத்தானே ஏற ஏலாது" என்றார். "உங்களுக்குக் கால் நல்லாத்தானே ஈக்கு. நீங்க வந்திருக்கலாமே."

இருபது வருஷமாக அவரையே ஏற வைத்தவன் நான். ஒரு தடவைகூட நான் இறங்கி வருகிறேன் என்று சொன்னதில்லை.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குச் செல்லிராதீங்க. அவ ஆசையா வாங்கினது. தாங்க மாட்டா."

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறேன். இரண்டு பேரும் அந்தப் புது ப்ளேயரில்தான் கேட்கிறோம். ராத்தா தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் கொண்டு வந்து வைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "மாஸ்டர் வாரதாலதான் இவர் வெளிய ஓடாம வீட்டுல ஈக்கிறார். அல்லாஹ்தான் மாஸ்டரை அனுப்பினான்" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன்.

போன மாதம் ஒரு நாள், நானா கண்ணயர்ந்த நேரம், ராத்தாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்து குசினி வாசல்வரை போனேன். ராத்தா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், தேத்தண்ணிக்குச் சீனி காணாதா? இன்னும் போடட்டா?"

"காணும் ராத்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.