சட்டை தைப்பவர்கள் எப்படிச் சாப்பிட வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். ஹேண்ட்பேக்கை சோபாவில் போட்டுவிட்டு, "அங்கிள், நாளைக்கு எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேலை போகப் போகிறவர்கள் இப்படியா சிரிப்பார்கள்?

கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூரு காக்ஸ் டவுனுக்கு வந்தவள் ஸ்டெல்லா. பீன்யாவில் சட்டை தைக்கும் ஃபேக்டரி ஒன்றில் ஹெச்.ஆர். அங்கே சட்டை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி வருஷா வருஷம் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும். கணக்குப் பார்க்க அல்ல... தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க.

நல்ல விஷயம்தான். தீப்பிடித்தால் ஓட வழி, சுத்தமான கழிப்பறை, ஓவர்டைமுக்குச் சரியான சம்பளம் - இதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் நடந்தது என்பது நமக்குத்தான் வெட்கம்.

ஆனால் இந்த வருஷம் புதிதாக ஒரு விதி. தொழிலாளர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. மேஜை, ஆளுக்கொரு நாற்காலி. ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. சுகாதாரமாம்!

"ஆடிட்ல ஏதாவது தப்பாச்சுன்னா நீங்கதாம்மா பொறுப்பு. ஆர்டரும் போகும், உங்க வேலையும் போகும்" என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். மேஜைகள் வந்து இறங்கின. ஒத்திகைகூட நடந்ததாம்.

அந்த ஃபேக்டரிப் பெண்கள் மத்தியானம் எப்படிச் சாப்பிடுவார்கள் தெரியுமா? வட்டம் வட்டமாகத் தரையில் உட்காருவார்கள். டப்பா எல்லாம் நடுவில். ஒருத்தி களி, ஒருத்தி புளிச்சோறு, ஒருத்தி கருவாட்டுக் குழம்பு. யார் கை யார் டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. அன்றைக்குக் குழம்பு வைக்க வழியில்லாமல் வெறும் சோற்றோடு வந்தவள் யார் என்றும் தெரியாது. வட்டமாக உட்காருவதே அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆடிட். எல்லாரும் மேஜையில். ஆளுக்கொரு டப்பா. பேச்சு மூச்சில்லை. செல்வி என்கிற பெண் மட்டும் டப்பாவை மூடியால் பாதி மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். உள்ளே வெறும் சோறு.

ஆடிட்டர் சுற்றிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு அமைதி? நிர்வாகத்துக்குப் பயப்படுகிறார்களா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் லேப்டாப்பில் தட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

எப்படி இருக்கிறது? தரையில் உட்கார்ந்தால் தப்பு. சொன்னபடி மேஜையில் உட்கார்ந்தால் அதுவும் தப்பு.

ஸ்டெல்லாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எல்லாரும் எழுந்திரிங்க. தினம் எப்படிச் சாப்பிடுவீங்களோ, அப்படியே சாப்பிடுங்க."

யாரும் அசையவில்லை. "சும்னே சொல்றீங்களா மேடம், நெஜமாவா?" என்று கேட்டபடி செல்விதான் முதலில் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. ஐந்து நிமிஷத்தில் ஹால் முழுக்கச் சந்தைக் கூச்சல். செல்வியின் சோற்றில் யார் யாரோ குழம்பு ஊற்றினார்கள்.

"பயம் போயிடுச்சு சார். இப்ப எழுதிக்குங்க" என்றாளாம் ஸ்டெல்லா, இங்கிலீஷில்.

அவரும் எழுதிக்கொண்டார் - விதிமீறல் என்று.

அவள் போனபிறகு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் அரை டிராயர் போட்ட காலத்தில் இந்தியா வளரும் நாடு என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. எனக்கு மீசை முளைத்து, நரைத்து, பென்ஷனும் வந்தாயிற்று. இந்தியா இன்னும் வளரும் நாடு! அளந்து சொல்கிறவர் யார்? அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தது யார்? நமக்குத் துணி தைக்கத் தெரியும், தைத்த பெண்ணுக்குச் சோறு சாப்பிடத் தெரியாதா?

மறுநாள் முதலாளி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். ராஜினாமா எழுதச் சொல்வார் என்று நினைத்துத்தான் உள்ளே போயிருக்கிறாள்.

"முன்னெல்லாம் அந்தக் கம்பெனியிலருந்து போன் வந்தா எழுந்து நின்னு பேசுவேம்மா" என்றாராம் மனிதர். "இப்ப நம்ம சட்டை கென்யாவுக்குப் போகுது, சிலிக்குப் போகுது. அவங்களும் காசு குடுத்துத்தான் வாங்கறாங்க. இவங்க ஒருத்தரையே நம்பி நாம இல்ல. பதில் நீங்களே எழுதி அனுப்புங்க."

அவர் புரட்சிக்காரர் இல்லை, வியாபாரி. உலகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது நம் தலைவர்களுக்கு முன்பே இப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நாளைக்குக் கென்யாக்காரர் நம்மிடம் ஸ்டெல்லா மாதிரியே முகத்துக்கு நேராகப் பேசுவார். அப்போது நாம் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதில் எழுத என் உதவியைக் கேட்டாள். பழைய பழக்கம் விடுமா? 'மிகவும் வருந்துகிறோம்' என்று ஆரம்பித்தேன். "எதுக்கு அங்கிள் வருந்தணும்?" என்று அதை அடித்துவிட்டு அவளே எழுதினாள்.

'மேஜைகளைத் துணி வெட்டும் பிரிவுக்குக் கொடுத்துவிட்டோம், அங்கே தேவைப்பட்டது. எங்கள் பெண்கள் தரையில்தான் சாப்பிடுவார்கள், பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள். உங்கள் ஆடிட்டர் காருக்குள் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டதைப் பார்த்து அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை எங்களோடு வந்து உட்காரச் சொல்லுங்கள்.'

அன்றைக்குக் குழம்பு செல்வி கொண்டுவருகிறாளாம்.