இழுக்காமல் விட்ட நூல்

ராயபுரத்தில் கிழிந்த வலைகளைத் தைப்பவன் நான். வஞ்சிரம் என்று பெயர் வைத்த எங்கள் பூனை ஒரு வாரமாகத் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தது. மோர் கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

ஒரு காலையில் அதன் பின்புறத்தில் என் நைலான் நூல் தொங்கியது. மீன் வாடைக்கு விழுங்கியிருக்கிறது! இழுத்துவிடலாம் என்று பிடித்தேன்.

“யோவ், கைய எடு! உள்ள எங்க மாட்டிகினு கீதோ!” என்று மனைவி அலறினாள்.

நூலை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். பூனையைக் கூடையில் போட்டதே அவள்தான். ஷேர் ஆட்டோவில் நான் அழுத அழுகையைப் பார்த்து, “இன்னா நைனா, ஒடம்பு சரியில்லாதது பூனைக்கா, உனக்கா?” என்றார் ஓட்டுநர்.

“இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கும்” என்றார் கால்நடை மருத்துவர். அறுவை சிகிச்சை முடியும்வரை எனக்கு உயிரே இல்லை. வஞ்சிரம் பிழைத்தது.

இப்போது தரையில் கிடக்கும் நூல் துண்டுகளையெல்லாம் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடாமல் சோற்றுக்கு எழுவதில்லை. உங்கள் பூனைக்கு நூல் தொங்கினால் தொடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். அழுதுகொண்டே ஓடினாலும் பரவாயில்லை.